சந்தை இல்லாத ஊர்: கவல்லி-ஸ்ஃபோர்சாவும் தூய்மை என்னும் சொல்லும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கால்சா என்றதும் நம் நினைவுக்கு வருவது 1699இல் குரு கோவிந்த் சிங் அமைத்த சீக்கியர் திருக்கூட்டம். அதே பெயரில் இத்தாலியில் ஒரு பேட்டை இருக்கிறது. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவின் கடற்கரையை ஒட்டி, பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள பகுதி அது. இரண்டு பெயருக்கும் வேர் ஒன்றுதான்: கலப்பற்றது, தூயது என்று பொருள்படும் ‘காலிஸ்’ என்னும் அரபுச் சொல். 937ஆம் ஆண்டு, கலகம் செய்த சிசிலி மக்களை அடக்க வந்த ஃபாத்திமிய ஆளுநர் கலீல் இப்னு இசாக், நகரத்தாரிடமிருந்து ஆட்சியாளர்களைக் காப்பதற்காகத் தனியே மதில் எழுப்பி, அதற்கு ‘அல்-காலிசா’ என்று பெயரிட்டார். ஒரு தலைமுறைக்குப் பின் அங்கே வந்த இப்னு ஹௌகல் என்ற பயணி, மதிலுக்குள் என்னென்ன இருந்தன என்று எழுதி வைத்திருக்கிறார். அமீரின் இருப்பிடம், படைக்கலச் சாலை, அலுவலகங்கள், குளியல் கூடங்கள், பள்ளிவாசல், சிறைச்சாலை எல்லாம் இருந்தன. சந்தை இல்லை, சத்திரமும் இல்லை. தூயது என்று பெயர் வைத்த ஊரில், வெளியாள் வந்து தங்கவும் பேரம் பேசவும் இடம் வைக்கவில்லை. இன்று நான் சொல்ல வந்த கருத்துக்கு இந்தச் சிறு குறிப்பே தொடக்கம். தூய்மை என்பது மதில் எழுப்புகிறவர்கள் வைக்கிற பெயர். மனித உடம்பில் தேடினால் அதற்குச் சான்று கிடைப்பதில்லை. உடம்பு சொல்வது யார் யாரை மணந்தார்கள் என்ற கணக்கை மட்டுமே. இதை நிறுவுவதிலேயே பெரும்பகுதி வாழ்நாளைச் செலவிட்ட இத்தாலிய அறிவியலாளர் லூயிஜி லூக்கா கவல்லி-ஸ்ஃபோர்சாவின் பணியை முன்வைத்து இந்த வாதத்தை வளர்க்கிறேன். அவர் பணியில் இருந்த ஓட்டையையும் மறைக்கப்போவதில்லை.

முதலில் களத்தைப் பார்ப்போம். பலெர்மோவில் 12ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல் ஒன்று உள்ளது. கிரிசாந்துஸ் என்ற பாதிரியார் தம் தாய் அன்னாவின் நினைவாக வைத்த கல். ஒரே செய்தி அதில் நான்கு விதமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது: இலத்தீனில், கிரேக்கத்தில், அரபியில், பிறகு எபிரேய எழுத்தில் எழுதிய அரபியில். ஒவ்வொன்றும் ஆண்டைத் தன் மரபுப்படி கணக்கிட்டுச் சொல்கிறது. ஒரே தாயின் சாவுக்கு நான்கு ஆண்டுக்கணக்கு. அது நார்மானியர் ஆண்ட காலம். அதற்கு முன் இரண்டரை நூற்றாண்டு அரபியர் ஆட்சி. அதற்கும் முன் பைசாந்தியர், உரோமர், ஃபினீசியர். இப்படிப்பட்ட ஊரில்தான் தூய்மையின் பெயரால் மூன்று முறை மதில் எழுந்தது. முதலாவது, அல்-காலிசாவின் மதில். இரண்டாவது, ஸ்பெயினின் ‘இரத்தத் தூய்மை’ விதிகள். 1449இல் தொலேதோ நகரில் தொடங்கிய அந்த விதிகள், மதம் மாறிய யூதரின் பேரப்பிள்ளைகளைக்கூட முழுக் கிறித்தவராக ஏற்கவில்லை. ஸ்பானிய மன்னரின் கீழிருந்த சிசிலியிலிருந்து 1492ஆம் ஆண்டு ஆணையால் யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். மதம் மாறித் தங்கியவர்கள்மீது சமய விசாரணை மன்றம் கை வைத்தது. அந்த மன்றம் பிற்காலத்தில் குடியேறிய இடம் கால்சாவில் உள்ள ஸ்தேரி மாளிகை. 1782இல் மன்றம் ஒழிக்கப்படும்வரை கைதிகள் அதன் சிறைச் சுவர்களில் கீறிய ஓவியங்களும் வரிகளும் இன்றும் தெரிகின்றன. மாளிகையோ இப்போது பலெர்மோ பல்கலைக்கழகத்தின் தலைமையிடம். மூன்றாவது மதிலைக் கட்டியவர்கள் அறிவியலாளர்கள். 1938 ஜூலையில் முசோலினி ஆட்சியில் வெளியான இன அறிக்கை, தூய இத்தாலிய இனம் ஒன்று உண்டென்றும் யூதர் அதில் சேரார் என்றும் அறிவித்தது. கையொப்பமிட்டவர்களில் மானிடவியலாளர் லீதியோ சிப்ரியானியும் ஒருவர். 1950களில் நம் அந்தமான் தீவுகளில் ஓங்கே மக்களை ஆராய்ந்தவர் இதே சிப்ரியானிதான். மண்டையோட்டை அளக்கும் கருவியைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டு எதை நிரூபிக்கத் துணிந்தார்கள் என்பதற்கு அந்த அறிக்கை போதும்.

அந்த அறிக்கை வந்தபோது கவல்லி-ஸ்ஃபோர்சாவுக்கு வயது 16. 1922இல் ஜெனோவாவில் பிறந்து, போர்க்காலத்தில் பவியாவில் மருத்துவம் படித்து, 1944இல் பட்டம் பெற்றார். அத்ரியானோ புத்ஸாத்தி-திராவெர்சோ என்ற ஆசிரியரிடம் பழ ஈக்களின் மரபியலைக் கற்றார். போருக்குப் பிறகு கேம்பிரிட்ஜில் ஆர்.ஏ. ஃபிஷரிடம் சேர்ந்து பாக்டீரியாக்களின் பாலியல் கலப்பை ஆராய்ந்தார். புள்ளியியலையும் மரபியலையும் ஒன்றாகக் கோத்தவர் ஃபிஷர். பரிணாமத்தை நடத்துவது இயற்கைத் தேர்வே என்று உறுதியாக நம்பியவர். தற்செயலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டென்ற அமெரிக்கர் சூவல் ரைட்டின் கருத்தை அவர் பொருட்படுத்தவில்லை. ஃபிஷரிடம் பயின்றவரே ஊர் திரும்பித் தற்செயலின் பங்கை அளந்து காட்டினார் என்பது அறிவியல் வரலாற்றின் சுவையான திருப்பம். அந்த அளவைக்கு வழிகாட்டியவர் ஒரு பாதிரியார்.

1951இல் கவல்லி-ஸ்ஃபோர்சா பார்மாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அந்தோனியோ மொரோனி என்ற பாதிரியார் அவரிடம் மாணவராக இருந்தார். தேவாலயங்களில் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணக் கணக்கு இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் திருமணங்களைப் பதிவேட்டில் எழுத ஆணையிட்டதால், பங்கு அலுவலக அலமாரிகளில் நூற்றாண்டுகளின் ஏடுகள் அடுக்கடுக்காக இருந்தன. கத்தோலிக்கத் திருச்சபை நெருங்கிய உறவில் மணம் முடிப்பதைத் தடுத்திருந்தது; மணம் முடிக்க விரும்பினால் சிறப்பு அனுமதி பெற வேண்டும். அனுமதி கேட்டால் உறவின் படிநிலையும் எழுதப்படும். பாவத்துக்கு வைத்த கணக்கு இப்படி அறிவியலுக்குத் தரவாயிற்று. கவல்லி-ஸ்ஃபோர்சா, மொரோனி, ஜியான்னா த்ஸேய் மூவரும் பார்மாப் பள்ளத்தாக்கில் தொடங்கிய பணி அரை நூற்றாண்டு நீண்டு, இத்தாலியின் ஏறக்குறைய 8,000 உள்ளாட்சிப் பகுதிகளையும் தொட்டு, 2004இல் நூலாயிற்று. ஏட்டில் கண்ட கணக்கை இரத்த வகைகளோடு பொருத்திப் பார்த்தபோது ஒரு செய்தி தெளிந்தது. சில நூறு பேரே வாழும் மலையூர்களில், ஓர் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் இரத்த வகை விகிதம் பெரிதும் மாறியது. குன்றுப் பகுதிக்கு இறங்கினால் வேறுபாடு குறைந்தது. சமவெளியில் இன்னும் குறைந்தது. மலைக்காற்றோ குளிரோ அதற்குக் காரணமில்லை, ஆட்கள் குறைவு என்பதே காரணம். நம் உழவர் குதிரில் உள்ள நெல்லில் ஒரு பிடியை மட்டும் விதைக்கு எடுத்தால், அந்தப் பிடியில் எது அகப்பட்டதோ அதுதான் அடுத்த ஆண்டின் வயல். மூட்டை மூட்டையாக எடுத்தால் குதிரின் கலவை அப்படியே வயலிலும் நிற்கும். சிற்றூரில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பிடி விதை. இதை மரபணு நகர்வு என்கிறோம். தனித்த குணம்போலத் தெரிவது பல இடங்களில் குலப்பெருமையின் விளைவல்ல; மணவட்டம் சுருங்கியதன் விளைவு.

இந்த இடத்தில் தமிழ்நாட்டை உடன்வைத்துப் பார்த்தால் வாதம் கூர்மையாகும். இத்தாலியில் வடக்கிலிருந்து தெற்கே போகப்போக உறவுத் திருமணம் கூடுகிறது. சிசிலி அதில் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் சிசிலிக்காரருக்கு அத்தை மகளை மணக்கத் திருச்சபையின் அனுமதி வேண்டும். நம்மிடம் அது உரிமை. பெண்ணை வெளியே கொடுப்பதானால் முறை மாமனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய வழக்கமும் இருந்தது. அதே சமயம், சித்தப்பா மகளும் பெரியம்மா மகளும் நமக்குத் தங்கை முறை; அவர்களை மணப்பதை நினைத்தாலே குற்றம். மரபியல் இதை எப்படிக் கணக்கிடுகிறது? மாமன் மகளை மணந்தாலும் சித்தப்பா மகளை மணந்தாலும், பிறக்கும் குழந்தை ஓர் இடத்தில் ஒரே மூதாதையின் மரபணுவை இருபுறமும் பெறும் வாய்ப்பு 16இல் 1. அக்காள் மகளை மணந்தால் அது 8இல் 1. முறை, முறையல்லாதது, பங்காளி, சம்பந்தி என்ற நம் பகுப்புகள் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. திருச்சபைக்குத் தடையானதும் நமக்கு உரிமையானதும் மரபணுவுக்கு ஒன்றுதான். எந்த உறவு தூயது, எது கறை என்பதைச் சமூகம் முடிவு செய்கிறது. உடம்பு அந்த முடிவைப் படிப்பதே இல்லை.

இங்கே ஒரு தடை எழும். “மணவட்டம் மூடியிருந்தது என்று நீங்களே ஒப்புகிறீர்கள். நூற்றாண்டுகளாகச் சொந்தச் சாதிக்குள் மட்டும் மணந்த கூட்டம் கலப்பற்ற கூட்டம்தானே?” என்று கேட்கலாம். இதற்கு விடை, கதவு எப்போது மூடப்பட்டது, மூடும்போது உள்ளே யார் இருந்தார்கள் என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த மரபியலாளர் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட ஐதராபாத் செல்லுயிரியல் ஆய்வு மையத்தினர், ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவினரோடு சேர்ந்து 2009இலும் 2013இலும் வெளியிட்ட ஆய்வுகள், இந்தியக் கூட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே இரண்டு பழைய மூதாதை மரபுகளின் கலவை என்று காட்டின. அந்தக் கலப்பு இன்றைக்கு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையே நடந்தது. அதன் பின்னரே அகமணம் இறுகியது. அதாவது, முதலில் சந்தை கூடியது. பிறகுதான் மதில் வந்தது. மதில் காத்தது கலவையை. மூடிய கதவு தந்த பரிசு என்ன என்பதையும் 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. பார்த்த 263 தெற்காசியக் கூட்டங்களில் 81 கூட்டங்கள், மரபியலாளர் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஃபின்லாந்து மக்களைவிடவும் அஷ்கெனாசி யூதர்களைவிடவும் குறுகிய மூதாதை வட்டத்திலிருந்து வந்திருந்தன. ஓர் எடுத்துக்காட்டு: அறுவைச் சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சில நிமிடங்களில் உடைத்துவிட உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. வைசிய சமூகத்தாரிடம் அந்த நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அத்தகையவருக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் மூச்சுத் தசை நெடுநேரம் இயங்காது. மயக்க மருத்துவர் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. அகமணத்தின் உயிரியல் பொருள் இவ்வளவுதான்: பெருமைக்குரிய மேன்மை எதுவுமில்லை, மருத்துவர் குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு வரி. அதே வேளையில் உறவுத் திருமணம் என்றாலே நோய் என்று மிரட்டுவதும் அறிவியலன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இராவ், இன்பராஜ் இருவரும் தமிழ்நாட்டில் நடத்தி 1977இல் வெளியிட்ட ஆய்வில், கருவுறுதலிலோ கருச்சிதைவிலோ பெரிய வேறுபாடு தென்படவில்லை. அரிய பரம்பரை நோய்களில் ஆபத்து உண்மை. அதை அதன் அளவோடு சொல்ல வேண்டும்.

இரண்டாவது தடை நம் மதுரையிலிருந்தே வருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆர். பிச்சப்பன் வழிநடத்திய குழு, தமிழ்நாட்டின் 12 பழங்குடிகள், 19 பிற சமூகங்கள் ஆகியவற்றைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்து 2012இல் ஒரு முடிவை முன்வைத்தது. இந்தக் கூட்டங்களின் பிரிவு சாதி முறைக்கு முந்தியது. வேளாண்மை பரவியதோடு பொருந்துவது என்பது அந்த முடிவு. அப்படியானால் பிரிவு பழையது, கலப்பு பிந்தியது என்று ஆகாதா? இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்தால் முரண் அவ்வளவு பெரிதாக இல்லை. ஒய் குரோமோசோம் தந்தையிலிருந்து மகனுக்கு மட்டும் போவது. பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு மூதாதையர் 1,024 இடங்களில் நிற்கிறார்கள். ஒய் குரோமோசோம் அவர்களில் ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. தாயார்கள், பாட்டிமார்கள், அவர்களுடைய தந்தையர் என்று மீதி 1,023 பேரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. வயலை நம்பியவரும் காட்டை நம்பியவரும் தொழிலால் பிரிந்தார்கள் என்பது ஏற்கத்தக்கது. ஆண்வழி பிரிந்தே இருந்து, பெண்வழியும் பிற வழிகளும் கலந்திருக்க முடியும். பிரிவு பழையது என்பதும் தூய்மை உண்டு என்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது தடை எல்லாவற்றிலும் வலியது. அதை எழுப்பியவர் கவல்லி-ஸ்ஃபோர்சாவின் கூட்டாளியே. 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின், மனித மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டார். 1997இல் குய்தோ பார்புயானியும் கவல்லி-ஸ்ஃபோர்சாவும் வேறு தரவுகளைக் கொண்டு பார்த்தபோதும் அதே அளவுதான் வந்தது. ஆனால் 1960களில் கவல்லி-ஸ்ஃபோர்சாவோடு மனிதக் கூட்டங்களின் மரபு மரத்தை வரைந்த ஏ.டபிள்யூ.எஃப். எட்வர்ட்ஸ், 2003இல் ஒரு மறுப்பு எழுதினார். ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியே பார்த்தால் வேறுபாடு சிறிதாகத் தெரியும். பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவர் எந்தக் கூட்டத்தவர் என்று நன்றாகவே கணிக்கலாம் என்பது அவர் வாதம். அது கணக்கில் சரிதான். ஆனால் கணிக்க முடிவதால் தூய வகை ஒன்று உண்டு என்று ஆகிவிடுமா? நாலு வாக்கியம் பேசவிட்டால் ஒருவர் கோவையா நெல்லையா என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஒரு சொல்லைக் கொண்டு முடியாது, பல சொற்களும் இழுப்பும் சேர்ந்தால் முடியும். எட்வர்ட்ஸ் சொல்வது இதைத்தான். அதனால் கலப்பில்லாத நெல்லைத் தமிழ் என்று ஒன்று இருக்கிறதா? கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று ஊர் ஊராக நடந்து போனால், நெல்லைத் தமிழ் எந்த மைல்கல்லில் மதுரைத் தமிழ் ஆனது என்று யாராலும் காட்ட முடியாது. முகவரியை ஊகிக்கலாம்; மதில் இருந்தது என்பதற்கு அது சான்றாகாது.

சிசிலியின் மரபணுக்களைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 2009இல் வந்த ஒய் குரோமோசோம் ஆய்வு ஒன்று, சிசிலி ஆண்வழியில் கிரேக்கப் பங்கு 37 விழுக்காடு என்றும் வட ஆப்பிரிக்கப் பங்கு 6 விழுக்காடு அளவில் என்றும் மதிப்பிட்டது. இதைப் பார்த்து, அரபியர் தடம் வெறும் 6 பங்குதான் என்று சொல்பவர் உண்டு. இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னர் 13ஆம் நூற்றாண்டில் சிசிலி முஸ்லிம்களைத் தெற்கு இத்தாலியின் லுசேராவுக்கு நாடு கடத்தியதை மறந்த கணக்கு அது. எலுமிச்சையும் பாசன வாய்க்காலும் கால்சா என்ற பெயரும் அந்த 6 விழுக்காட்டில் அடங்குவதில்லை; மரபணுவின் பங்கு வரலாற்றின் பங்காகாது. அரிவாள் வடிவச் சிவப்பணு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால் வருவது. அந்த மாற்றம், பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பது. சிசிலியில் அந்த எழுத்தைச் சூழ்ந்திருக்கும் மரபணு வரிகள், மேற்கு ஆப்பிரிக்காவில் காணும் பெனின் வகை. சகாராவைக் கடந்து வந்தவர்கள் கொண்டுவந்தது. நம் நீலகிரிப் பழங்குடிகளிடமும் இந்த மாற்றம் இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் அறிவித்தார்கள். அங்கே சூழ்ந்திருப்பது அரபு-இந்திய வகை. வெள்ளையர் நோய், கறுப்பர் நோய் என்று பிரிக்க முயன்றவர்களுக்கு, பலெர்மோ மருத்துவமனையின் ஒரு துளி இரத்தம் கொசுவையும் வணிகத் தடத்தையும் காட்டியது, இனத்தைக் காட்டவில்லை.

இனி, கவல்லி-ஸ்ஃபோர்சாவின் பணியிலுள்ள ஓட்டை. 1970இல் வால்டர் பாட்மரோடு சேர்ந்து, இனத்துக்கும் அறிவுத்திறனுக்கும் முடிச்சுப் போட்டவர்களை மறுத்தவர் அவர். 1971 முதல் ஸ்டான்ஃபோர்டில் இருந்தார். மெனோத்ஸி, பியாத்ஸா இருவரோடு 1994இல் வெளியிட்ட மனித மரபணுக்களின் வரலாறும் புவியியலும் பற்றிய பெருநூல், வேளாண்மை மேற்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு மக்களோடு சேர்ந்தே நகர்ந்தது என்றது. அண்மைப் பண்டை டி.என்.ஏ. ஆய்வுகள் அதன் மையக் கருத்தைப் பெரிதும் உறுதி செய்தன. ஆனால் அந்நூலின் வரைபடங்களில் தெரியும் அலைவடிவங்கள் கணித முறையின் விளைவாகவே தோன்றக்கூடும் என்று 2008இல் நவெம்ப்ரே, ஸ்டீபன்ஸ் என்ற ஆய்வாளர் இருவரும் காட்டினர். இதைவிடப் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. 1492க்கு முன் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருப்பவர்களாகக் கருதப்பட்ட கூட்டங்களையே அந்நூல் எடுத்துக்கொண்டது. 1991இல் அவர் முன்னின்று தொடங்கிய மனித மரபணுப் பன்மைத் திட்டமும், தனித்து வாழும் மக்கள் கலந்து மறைவதற்குள் அவர்கள் இரத்தத்தைச் சேமிக்க வேண்டும் என்று புறப்பட்டது. பழங்குடி அமைப்புகள் அதை ‘இரத்தக்காட்டேரித் திட்டம்’ என்று அழைத்தன. எங்கள் இரத்தம் வேண்டும், நாங்கள் வேண்டாமா என்று அவர்கள் எழுப்பிய குரலில் நியாயம் இருந்தது. அந்தத் திட்டத்திலிருந்து 2002இல் பாரிசில் உருவான சேமிப்பில் 52 கூட்டங்களைச் சேர்ந்த ஆயிரத்துச் சொச்சம் பேரின் செல்கள் உள்ளன. இத்தாலியிலிருந்து சார்தீனியர், தஸ்கனியர், பெர்காமோக்காரர் இருக்கிறார்கள்; சிசிலி இல்லை. தெற்காசியாவுக்குப் பாகிஸ்தானின் கூட்டங்கள் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து ஒருவரும் இல்லை. இனம் இல்லை என்று நிறுவியவரே, தரவு சேர்க்கும்போது கலப்புக் குறைந்தவர்களைத் தேடிப் போனார். கால்சாவில் வாழ்பவரை அந்த வரைபடம் ஏற்காது. வாசல் வழியே வெளியேற்றிய தூய்மை கொல்லைப்புறமாக உள்ளே வந்தது.

இந்தக் குறை அவர் முடிவைத் தகர்க்கிறதா? இல்லை என்பதே என் கருத்து. கலப்புக் குறைந்தவர்களாகத் தேடித் தேடி எடுத்த அந்த 52 கூட்டங்களிலும்கூட, 2002இல் நோவா ரோசன்பெர்க் குழு செய்த ஆய்வு, வேறுபாட்டில் 93 முதல் 95 விழுக்காடு கூட்டத்துக்குள்ளேயே இருப்பதாகக் கண்டது. சந்தையை விலக்கிவிட்டுக் கணக்கெடுத்தும் சந்தையே தெரிந்தது. தூய்மைக்குச் சாதகமான தேர்வே தூய்மைக்கு எதிராகச் சாட்சி சொன்னால், அந்தச் சாட்சியத்துக்கு வலு அதிகம்.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நாளை ஏதோ ஒரு கூட்டம் உண்மையிலேயே கலப்பற்றது என்று தெரியவந்தால், சாதி சரியென்று ஆகிவிடுமா? ஆகாது. மனிதர் நிகர் என்பது நீதியின் கூற்று. ஆய்வுக்கூடத்தின் அனுமதிச் சீட்டுக்காக அது காத்திருப்பதில்லை. மரபியல் செய்யக்கூடியது சிறியது, ஆனாலும் பயனுள்ளது. அநீதி தனக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கும் ஒரு பொய்த் தூணை அது உருவிவிடுகிறது. அதற்குமேல் கட்டிடத்தை இடிப்பது நம் வேலை.

அந்த வேலையை ஒரு சொல்லிலிருந்தே தொடங்கலாம். சாதி கடந்து மணப்பதைக் ‘கலப்புத் திருமணம்’ என்று அரசு ஆணைகளும் செய்தித்தாள்களும் எழுதிவருகின்றன. மற்ற திருமணங்கள் கலப்பற்றவை என்ற எண்ணத்தை இந்தச் சொல் ஓசையின்றிச் சுமந்து வருகிறது. இன்று பார்த்த சான்றுகளின்படி, மணவறையில் உட்காரும் இருவரும் கலவையாகவே வந்து உட்காருகிறார்கள். சொந்தத்துக்குள் மணந்தாலும் கலந்தவரே கலந்தவரை மணக்கிறார். ஆகவே கலப்பு அங்கே புதிதாக நடப்பதில்லை. புதிதாக நடப்பது மறுப்பு. ‘சாதி மறுப்புத் திருமணம்’ என்று இயக்கத்தார் சொல்லிவரும் சொல்லே அறிவியலுக்கும் பொருந்துகிறது.

2018இல் தம் 96ஆம் வயதில் கவல்லி-ஸ்ஃபோர்சா மறைந்தார். 1943இல் குண்டுவீச்சில் சிதைந்து, பல பத்தாண்டுகள் இடிபாடாகக் கிடந்த கால்சா இப்போது மீண்டும் ஆள் நடமாடும் பேட்டை. 1980கள் முதல் யாழ்ப்பாணத்திலிருந்து போன தமிழர் பலெர்மோவில் வாழ்கிறார்கள். நகரின் காவல் புனிதையான ரொசாலியாவைக் காண, இந்துக்களாக இருப்பவரும் பெல்லெக்ரீனோ மலை ஏறுகிறார்கள். கலீல் இப்னு இசாக் வைத்த பெயர் ஊரில் நிற்கிறது. அவர் எழுப்பிய மதில் இல்லை. சந்தை இருக்கிறது.